ஓர்ட்டா மெரினாவில் ஒருநாள்: அட்லாண்டிக் கடக்கும் பாய்மரப் படகினர் கேட்கும் கேள்விகள்

கரீபியன் தீவுகளிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவை நடுவழியில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் நிற்கும். அதிலும் ஃபையால் தீவின் ஓர்ட்டா துறைமுகத்தில்தான் கூட்டம் அதிகம். ஊர்ப்பெயரை Horta என்று எழுதுவார்கள்; முதலெழுத்தான ‘ஹ’ போர்ச்சுக்கீசில் ஒலிக்காது. மூன்று வாரம் கடலில் இருந்துவிட்டு ஒரே ஒரு முழு நாள் கரையில் கிடைத்தால் அதை எப்படிச் செலவிடுவது என்பதுதான் இந்தப் பக்கம்.

எல்லாரும் ஏன் ஓர்ட்டாவிலேயே நிற்கிறார்கள்?

வழி அப்படி. கரீபியனிலிருந்து நேர்கிழக்கே வந்தால் வணிகக்காற்று முகத்தில் அடிக்கும். அதனால் வடக்கே ஏறி, மேற்குக் காற்றைப் பிடித்துத்தான் கிழக்கே திரும்பவேண்டும். அந்த வளைவின் முனையில் அசோர்ஸ் இருக்கிறது. செயின்ட் மார்ட்டினிலிருந்து சுமார் 2,200 கடல் மைல், பெர்முடாவிலிருந்து சுமார் 1,800. கரீபியனில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 அன்று தொடங்குவதால் மே மாதமே எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். எனவே மே கடைசியிலும் ஜூனிலும் மெரினா நிரம்பி வழியும். 1986-இல் திறந்த இந்த மெரினாவில் ஏறக்குறைய 300 படகுகளுக்கு இடம் உண்டு. பருவத்தில் அது போதாது.

உள்ளே வந்ததும் முதலில் என்ன செய்யவேண்டும்?

நுழைவுப் பதிவு கேட்கும் மஞ்சள் ‘க்யூ’ கொடியை வலப்பக்க ஸ்பிரெடரின் (பாய்மரத்தின் குறுக்குக் கை) கீழ் ஏற்றுங்கள். வி.எச்.எஃப். வானொலியின் 10-ஆம் அலைவரிசையில் மெரினாவைக் கூப்பிட்டு, படகின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் சொல்லுங்கள். எரிபொருள் துறையை ஒட்டிய வரவேற்பு மேடையில் கட்டச் சொல்வார்கள். பதிவு முடியும்வரை கேப்டன் மட்டும் இறங்குவதுதான் முறை. மற்றவர்களுக்குக் கால் பரபரக்கும், பொறுக்கத்தான் வேண்டும்.

கையில் இருக்கவேண்டியவை: எல்லாருடைய பாஸ்போர்ட், படகின் பதிவுச் சான்று, காப்பீடு, கடைசித் துறைமுகத்தின் வெளியேற்றச் சீட்டு, படகோட்டிச் சான்று, வாட் (மதிப்புக்கூட்டு) வரி கட்டியதற்கான ஆவணம். ஊழியர் பட்டியலை ஐந்து படியாக முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுங்கம், குடிவரவு, மெரினா என்று ஆளுக்கொன்று போகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரின் வெளிநாட்டுப் படகு வாட் கட்டாமல் 18 மாதம் தங்கலாம். அந்தக் கணக்கு நுழைந்த தேதியிலிருந்து ஓடுவதால், தேதியுள்ள சுங்கத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பதிவு முடிந்ததும் மஞ்சள் கொடியை இறக்கி, போர்ச்சுகல் கொடியை ஏற்றவேண்டும்.

இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர் படகில் வந்தால் விசா வேண்டுமா?

வேண்டும். அசோர்ஸ் போர்ச்சுகலின் பகுதி, எனவே ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லைக்குள் அடங்கும். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற விதியும் அப்படியே பொருந்தும். ‘படகு ஊழியர்தானே, விட்டுவிடுவார்கள்’ என்று யாரோ சொன்னதை நம்பி வரவேண்டாம். சரக்குக் கப்பல் மாலுமிக்கு உள்ள சலுகை சொந்தப் படகில் சுற்றுலா வருபவருக்குக் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. விசாவின் செல்லுபடித் தேதியில் இரண்டு மூன்று வாரம் தளர்வு இருக்கட்டும், காற்று உங்கள் தேதியைப் பார்த்து வீசாது. அடுத்து இங்கிலாந்து என்றால் அதற்குத் தனி விசா. ஓர்ட்டாவை விட்டுக் கிளம்பும்போது நீங்கள் வெளியேறியது பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் ஷெங்கனுக்குள்ளேயே இருப்பதாக நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

இடமில்லை, இன்னொரு படகின் பக்கத்தில் கட்டுங்கள் என்கிறார்கள். எப்படி?

பருவத்தில் இதுதான் வழக்கம். துறைமுக மதிலை ஒட்டி ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று என்று மூன்று நான்கு படகு அடுக்காக நிற்கும். நெருங்கும்போதே உள்படகில் (உங்களுக்கும் மதிலுக்கும் இடையில் நிற்பது) ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுங்கள். ஃபென்டர்கள் (இடையில் தொங்கவிடும் காற்று மெத்தைகள்) உங்களுடையவை, குறைந்தது ஐந்து, படகின் அகலமான இடத்தில் மூன்றாவது இருக்கும்படி தொங்கவிடுங்கள்.

இரண்டு படகின் பாய்மரங்களும் நேருக்கு நேர் வரக்கூடாது. அலையில் இரண்டும் எதிரெதிராக உருளும்போது மேலே ஸ்பிரெடர்கள் மோதிக்கொள்ளும். கீழே ஃபென்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் தலைக்குமேல் பார்ப்பதில்லை. அரை மீட்டராவது முன்னோ பின்னோ தள்ளி நிறுத்துங்கள். அணியத்திலும் (படகின் முன்முனை) பின்புறத்திலும் பக்கத்துப் படகோடு கட்டி, முன்னும் பின்னும் இழுபடாதபடி இரண்டு குறுக்குக் கயிறுகள் போட்டபின், உங்கள் படகிலிருந்து கரைக்கே நேராக இரண்டு நீளக் கயிறு கட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அது இல்லையென்றால் உங்கள் படகின் எடை முழுவதும் உள்படகின் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) தொங்கும்; அந்த ஆள் இரவில் எழுந்து எரிச்சலோடு உங்கள் கதவைத் தட்டுவார்.

கரைக்குப் போகும்போது மற்றவர் படகில் முன்புறமாக, பாய்மரத்துக்கு முன்னே சுற்றிப் போங்கள். சுக்கான் இருக்கும் பள்ளத்தின் வழியே நடப்பது வீட்டுக் கூடத்தில் செருப்போடு நடப்பது மாதிரி. உள்படகு எப்போது கிளம்புகிறது என்பதையும் அன்றே கேட்டு வையுங்கள்.

ஒரே நாள். வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

பிறர் கையில் உள்ள வேலை முதலில், உங்கள் கையில் உள்ளது பிறகு. பாய் தைப்பவர், ரிக்கர் (பாய்மரமும் கம்பிகளும் பழுதுபார்ப்பவர்), எரிவாயு, துணி துவைப்பு எல்லாம் காலையிலேயே கொடுத்தால்தான் மாலையில் கிடைக்கும். கேபினைக் கழுவுவதும் கயிறு சுருட்டுவதும் இரவு ஒன்பது மணிக்கும் செய்யலாம்.

விடுமுறையையும் பாருங்கள். ஜூன் 10 போர்ச்சுகல் தேசிய நாள். பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கள் அசோர்ஸ் நாள். இரண்டும் படகுகள் குவியும் பருவத்திலேயே வருகின்றன. அன்று இறங்கினால் வேலை ஒன்றும் நடக்காது. ஒரு நல்ல சேதி: கோடையில் அசோர்ஸ் நேரமும் யு.டி.சி. (உலகப் பொது) நேரமும் ஒன்றே. யு.டி.சி.யில் ஓடும் கப்பல் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம்.

தண்ணீர் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியது?

சொந்தக் குழாயைப் பயன்படுத்துங்கள். பொதுக் குழாயின் முனை யார் படகின் கழிவறையைக் கழுவியது என்று தெரியாது. இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள். தொட்டியில் வாசனையில்லாத ப்ளீச் சேர்ப்பதானால், சுமார் 6 சதவீத அடர்த்தி உள்ளது லிட்டருக்கு 2 சொட்டு. 300 லிட்டருக்கு 600 சொட்டு, அதாவது ஏறக்குறைய 30 மில்லி. அரைமணி விட்டுக் குடிக்கலாம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் செய்யும் விலையுயர்ந்த தவறு ஒன்று உண்டு. ‘நல்ல தண்ணீர்தானே’ என்று மெரினாத் தண்ணீரால் அதன் சவ்வைக் கழுவுவார்கள். அதில் உள்ள குளோரின் சவ்வை அரித்துவிடும். அதன்பின் உப்பு உள்ளே கசியும், திரும்பச் சரிசெய்ய முடியாது. கரி வடிகட்டி வழியாக வந்த தண்ணீர் மட்டுமே சவ்வுக்குப் போகலாம்.

கரை மின்சாரம் எப்படி?

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். படகுத்துறைகளில் வழக்கமான நீல நிற மூன்று முள் 16 ஆம்பியர் பிளக். 16 ஆம்பியர் என்றால் மொத்தம் 3.6 கிலோவாட்டுக்குச் சற்று மேல். தண்ணீர் சூடாக்கி, பேட்டரி சார்ஜர், கெட்டில் மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும்.

முதலில் படகுப் பக்கம் செருகி, பிறகு கரைப் பக்கம் செருகுங்கள். கழற்றும்போது கரைப் பக்கம் முதலில். வரிசை மாறினால் மின்சாரம் உள்ள முனை கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழலாம். கம்பியைச் சுருளோடு விடாதீர்கள். சுருளில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை உருகும். அமெரிக்கப் படகுகள் 120 வோல்ட்டுக்கு வயர் செய்தவை. மாற்றி இல்லாமல் நேரே இணைக்கவேண்டாம். சார்ஜரின் அடியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் அதை மட்டும் தனி வயரில் ஓட்டலாம். பேட்டரி நிறைய அதுவே போதும்.

துவைத்த துணி காயவே மாட்டேன் என்கிறதே?

உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுத்து வைத்துக்கொள்ளும். கடல்நீர் பட்ட துணி வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்து, மாலையில் மறுபடி பிசுபிசுக்கும். சோப்பு போடுவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பிழியுங்கள். இரண்டாம் அலசல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கக்கூடாது. மெத்தை உறை, மழைக்கோட்டு, பாதுகாப்புப் பட்டை எல்லாவற்றுக்கும் இதே முறை. ஜூனில் துவைப்பு இயந்திரத்துக்கு வரிசை நிற்கும். அதனால்தான் காலையில் கொடுக்கச் சொன்னோம்.

குளியலறைச் சாவியையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். மொழி தெரியாதே என்று தயங்கவேண்டாம். சாவிக்கு அங்கே ‘ஷாவ்’, மேசைக்கு ‘மேசா’, ஜன்னலுக்கு ‘ஜனேலா’, அன்னாசிக்கு ‘அனனாஸ்’. நம் சொற்கள் அவர்களிடமிருந்து வந்தவைதான்.

எவ்வளவு டீசல் போடவேண்டும்?

நிரப்பிக்கொள்ளுங்கள். இந்தத் தீவுகளின் மேலேயே அசோர்ஸ் உயரழுத்த மண்டலம் உட்காரும். அதன் நடுவில் காற்றே இருக்காது. 40 குதிரைத்திறன் எஞ்சின் மிதமான வேகத்தில் மணிக்குச் சுமார் 2.5 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 200 லிட்டரில் 80 மணி நேரம். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 400 கடல் மைல். இங்கிலாந்தின் ஃபால்மவுத் இங்கிருந்து ஏறத்தாழ 1,200 கடல் மைல். ஆக மூன்றில் ஒரு பங்கு தூரத்தைத்தான் எஞ்சினால் தாண்டமுடியும். மீதிக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதே.

நிரப்பும்போது தொட்டியின் காற்றுப்போக்கியில் ஒரு துணியைச் சுற்றுங்கள். நுரை பொங்குவது அங்கேதான். கேன் வழியாக ஊற்றினால் நீர் பிரிக்கும் வடிகட்டிப் புனல் வேண்டும். சிந்திவிட்டால் உறிஞ்சு தாளால் எடுங்கள். பாத்திர சோப்பு ஊற்றி மறைக்காதீர்கள்: எண்ணெய் கண்ணுக்கு மறையும், ஆனால் தண்ணீருக்குள் கரைந்து இறங்கும்.

எரிவாயு சிலிண்டர் மாற்றித் தருவார்களா?

ஐரோப்பாவில் எங்கும் கிடைக்கும் நீலநிறக் கேம்பிங்காஸ் 907 (2.75 கிலோ பியூட்டேன்) என்றால் எளிது. அமெரிக்க புரொப்பேன் சிலிண்டரின் வாய் இங்குள்ள இணைப்புக்குப் பொருந்தாது. ஒருநாளில் நிரப்பிக் கிடைக்கும் என்று நம்பவேண்டாம். உள்ளூர் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கிவிடுவது மலிவு. மாற்றியபின் இணைப்பில் சோப்பு நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும்.

பாய்மரத்தில் ஏறிப் பார்க்கத்தான் வேண்டுமா?

கட்டாயம். இந்த நாளின் எல்லா வேலையையும் விட்டாலும் இதை விடக்கூடாது. கடலில் உருளும் படகில் மேலே ஏறுவது எலும்பை உடைக்கும் வேலை; இங்கே அரைமணியில் முடியும்.

ஏறுபவர் உட்காரும் இருக்கையை ஹால்யார்டில் (பாயை ஏற்றும் கயிறு) ஷாக்கிள் என்ற உலோகக் கொக்கி போட்டுத் தொங்கவிடாதீர்கள், கயிற்றால் முடிச்சிடுங்கள். இரண்டாவது ஹால்யார்டைத் தனியாக உடல் பட்டையில் கட்டுங்கள். கீழே வின்ச் (கயிறு இழுக்கும் உருளை) சுற்றுபவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அந்த இரண்டாம் கயிற்றை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். மின்விசை வின்ச் வேண்டவே வேண்டாம்: அது நிற்கவேண்டிய இடம் தெரியாமல் இழுத்துவிடும்.

மேலே பார்க்கவேண்டியவை: பின்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா, ஸ்பிரெடர் முனையில் உறை தேய்ந்திருக்கிறதா, கப்பியில் கயிறு உரசுகிறதா. மூன்று வாரம் ஒரே இடத்தில் கப்பிமேல் கிடந்த ஹால்யார்டு அங்கே பஞ்சுபோல நைந்திருக்கும். முனையில் அரை மீட்டர் வெட்டிவிட்டு மறுபடி கட்டினால், கப்பியில் புது இடம் உட்காரும்.

இறங்கிவரும்போது மெல்லிய டிஷ்யூ தாளைப் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியைச் சுற்றிப் பிடித்தபடி வாருங்கள். அறுந்த இழை இருந்தால் தாள் கிழிந்து தும்பு மாட்டும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும். கடைசியாக, கம்பியின் முனையில் அழுத்திப் பொருத்திய உலோகக் குழலைப் பாருங்கள். மேலே உள்ள குழலைவிடக் கீழே உள்ளதுதான் வெடிக்கும்: அதன் வாய் வானம் பார்த்தது, கம்பி வழியே இறங்கும் உப்புநீர் அதற்குள் தங்கும். துணியால் துடைத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். முடி அளவு கோடும் அதிலிருந்து வழிந்த பழுப்புக் கறையும் தெரிந்தால் கிளம்பாதீர்கள்.

19 இழைக் கம்பியில் ஒன்று அறுந்தால் பத்தொன்பதில் ஒரு பங்கு பலம்தான் போனது என்று கணக்குப் போடக்கூடாது. அந்த இழையை அறுத்தது எதுவோ அது மற்ற பதினெட்டிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பாயில் சின்னக் கிழிசல். நாமே ஒட்டலாமா?

உள்ளங்கை அளவுக்குள் என்றால் ஒட்டலாம். ஒட்டுத்துணி பிடிக்காமல் உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பசையல்ல, உப்பு. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஆல்கஹாலால் துடைத்தபின் ஒட்டுங்கள். கிழிசலைவிட நாலாபக்கமும் 5 செ.மீ. பெரிதாக வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மூலை காற்றில் முதலில் உரியும். இருபக்கமும் ஒட்டி ஓரத்தை ஒரு சுற்றுத் தைத்தால் இங்கிலாந்து வரை வரும். தையல் நூல் வெயிலில் இற்று, நகத்தால் கீறினாலே அறுகிறது என்றால் பாய் தைப்பவரிடம் கொடுப்பதே சரி.

என்ன சாமான் வாங்கலாம்?

சந்தையில் ரொட்டி, உருளை, வெங்காயம், முட்டைக்கோஸ், சவோ ஜார்ஜ் தீவின் கடின பாலாடைக்கட்டி. முட்டையை ஃபிரிட்ஜில் வைக்காத கடையில் வாங்குங்கள். கழுவாத ஓட்டின்மேல் இயற்கைப் பூச்சு இருக்கும். குளிரில் இருந்து வெளியே எடுத்தால் ஓடு வியர்த்து அந்தப் பாதுகாப்புப் போய்விடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். அட்டைப்பெட்டி எதுவும் படகுக்குள் வரக்கூடாது, கரப்பான் முட்டை அதன் மடிப்பில்தான் பயணம் செய்யும். காரம் தேடும் நாக்குக்கு ஓர் ஆறுதல்: அசோர்ஸ் சமையலில் அரைத்த சிவப்பு மிளகாய் விழுதுக்கு இடம் உண்டு, புட்டியில் கிடைக்கும். பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏற்றதே.

மதில் முழுக்க ஓவியம். நாமும் வரையவேண்டுமா?

வரையாமல் போனால் பயணம் கெடும் என்பது படகினரின் நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஆனால் வரைவதானால் ஒழுங்காக வரையுங்கள். நிறம் போய்ப் படிக்கமுடியாத பழைய படத்தின் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தெளிவாக உள்ளதன்மேல் பூசக்கூடாது.

காலையில் இரும்புத் தூரிகையால் உப்பையும் உதிரும் வண்ணத்தையும் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவி வெயிலில் விடுங்கள். ஈரக் கான்கிரீட்டில் பூசிய வண்ணம் உள்ளிருக்கும் நீராவியால் கொப்பளித்து ஒரே குளிர்காலத்தில் உரியும். பிற்பகலில் வெளிச்சுவர் அக்ரிலிக் வண்ணத்தால் அடிப்பூச்சு. 60×80 செ.மீ. படத்துக்கு, சொரசொரப்பான கான்கிரீட்டில் ஒரு பூச்சுக்கு 100 மில்லி போதும். தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது. படகின் பெயர், ஆண்டு, ஆட்களின் பெயர் ஆகியவற்றுக்கு முன்பே வெட்டிய அட்டை அச்சு இருந்தால் ஒருநாளில் முடியும். தமிழெழுத்தில் பெயர் எழுத நினைப்பவர்கள் எழுத்தைக் குறைந்தது 6 செ.மீ. உயரம் வையுங்கள். சுழிகள் சொரசொரப்பில் அடைந்துபோகும்.

கரையில் நடக்கும்போது தரை ஆடுகிறது. நோயா?

இல்லை. மூன்று வாரம் ஆட்டத்துக்குப் பழகிய மூளை இன்னும் அதே கணக்கில் இருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் சரியாகும். குளியலறையில் கண்ணை மூடிச் சோப்புப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், விழுவது அங்கேதான். நடந்தால் குறையும், படுத்தால் கூடும். வாரங்கள் கடந்தும் ஆடினால் மருத்துவரைப் பாருங்கள்.

நேரம் மிஞ்சினால் எங்கே போகலாம்?

மூன்று மணி நேரம் இருந்தால் டாக்சியில் கப்பெலின்யோஸ் எரிமலை. 1957 செப்டம்பரில் கடலுக்குள் வெடித்து 1958 அக்டோபர் வரை கொட்டிய எரிமலைச் சாம்பலில் பாதி புதைந்த கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. அருங்காட்சியகம் நிலத்துக்கு அடியில். ஒருமணி நேரம்தான் என்றால் துறைமுகத்துக்கு எதிரே 1918 முதல் இருக்கும் பீட்டர் கஃபே ஸ்போர்ட். மாலுமிகளின் கடிதங்களை வாங்கி வைத்துக் கொடுத்த இடம் அது. மாடியில் திமிங்கிலப் பல்லில் செதுக்கிய சித்திரங்கள் இருக்கின்றன. எதிர்த்தீவில் 2,351 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பிக்கோ மலையை இந்த ஒரு நாளில் ஏற நினைக்காதீர்கள். அது தனியாக ஒரு நாளைத் தின்னும்.

கிளம்பும்போது?

அலுவலகம் மூடுமுன் முந்தைய மாலையே கணக்கை முடித்து, வெளியேற்றத் தாளை வாங்குங்கள். உங்களுக்கு வெளியே கட்டியிருப்பவரிடம் நேரத்தைச் சொல்லுங்கள். அவர் கயிற்றை உங்கள் அணியத்தைச் சுற்றி முன்கூட்டியே உள்படகுக்கு மாற்றிவிட்டால், நீங்கள் நழுவியதும் அவர் இழுத்து மூடிக்கொள்வார். ஃபையாலுக்கும் பிக்கோவுக்கும் இடைப்பட்ட கால்வாயில் காற்று குவிந்து, துறைமுகத்துக்குள் தெரிந்ததைவிட வலுவாக வீசும். பாயை உள்ளேயே சுருக்கி வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். அதே கால்வாயில் பிக்கோவின் மதலேனா துறைமுகத்துக்குப் போகும் ஃபெரியும் குறுக்கே வரும்.